ரோஜா நெபுலாவில் நான் அழித்த புள்ளிகள்

எனக்குச் சும்மா உட்கார வராது. பேருந்தில் ஏறினால் முன்சீட்டில் கிழிந்த ரெக்சினை இன்னும் கொஞ்சம் கிழித்துவிட்டுத்தான் இறங்குவேன். யார் வீட்டுக்குப் போனாலும் கோணலாகத் தொங்கும் காலண்டரை நிமிர்த்தி வைப்பேன். "செத்த நேரம் கையக் கட்டிக்கிட்டு இரேன்" என்று என் கணவர் சொல்லாத நாள் கிடையாது. சொல்லிவிட்டு, அந்தக் கையை நம்பித்தான் அவர் அடுத்த கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஒப்புக்கொள்வார்.

திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கீழே கடை, மாடியில் என் கம்ப்யூட்டர். அவர் மண்டபம் மண்டபமாகப் போய்ப் படம் எடுத்து வருவார். நான் மாடியில் உட்கார்ந்து அவற்றைத் துடைப்பேன். மணப்பெண் கன்னத்துப் பரு, மாப்பிள்ளையின் கருவளையம், மாலைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஸ்விட்ச் போர்டு, கேமராவுக்குள் விழுந்த தூசு வானத்தில் போட்ட கரும்புள்ளி, எல்லாம் என் பிரஷ் பட்டால் போய்விடும். இதற்குத் தொழிலில் கரெக்‌ஷன் என்று பெயர். நல்ல கரெக்‌ஷன் செய்தது வெளியே தெரியக் கூடாது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பார்ட்டி வந்து ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, திருப்தியாக எடுத்துக்கொண்டு போய்விட்டால், அன்று சாயங்காலமே அந்தக் கல்யாணத்தின் மூலப் படங்களை ஹார்டு டிஸ்கிலிருந்து தூக்கிவிடுவேன். தை பிறந்துவிட்டால் முகூர்த்தம் முகூர்த்தமாகப் படங்கள் வந்து குவியும், இடம் வேண்டும். முடிந்த வேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான்.

என் தோழி ஒருத்தியைப் பற்றித்தான் எழுத வந்தேன். கல்லூரியில் நாங்கள் இருவரும் இயற்பியல் படித்தோம். நான் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம் செய்துகொண்டு அந்தப் பாடத்தை மறந்தேன். அவள் மறக்கவில்லை. மேலே படித்தாள், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினாள், ஊருக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஆனாள். வருடா வருடம் ஆனி மாதம் வந்தால் வேலை நீடிக்குமா என்று அலுவலக வாசலில் நிற்க வேண்டிய கௌரவம் அது. ஆத்தூர்ப் பக்கம், அணைக்கட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவர்களுக்குத் தென்னையும் மல்லிகையும் போட்ட நிலம் இருக்கிறது. அங்கே அம்மாவோடு இருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவள் எங்கள் கடைக்கு வந்தாள்.

"ஏன்டி, பழைய கேமரா ஏதாச்சும் சும்மா கெடக்கா?"

"எதுக்கு?"

"மேகத்தப் படம் எடுக்க."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மேகமே இல்லை. அவள் சிரித்துவிட்டு, அவள் சொல்வது நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கும் மேகம் என்றாள். நெபுலா. அதில் சில வகை தானாகவே ஒளிவிடுமாம். புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் உள்ளே இருந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வீசி அந்த வாயுவை ஒளிர வைக்கும். ஹைட்ரஜன் ஒரு குறிப்பிட்ட சிவப்பில் ஒளிரும். கல்யாணக் கேமராக்களில் முகம் சிவந்து தெரியாமல் இருக்க ஒரு கண்ணாடித் தகடு வைத்திருப்பார்கள், அது அந்தச் சிவப்பையும் தடுத்துவிடும். அந்தத் தகட்டைக் கழற்றிய கேமராதான் அவளுக்கு வேண்டும்.

ஒரு பழைய கேமராவை எடுத்துக் கொடுத்தேன். அவள் திருச்சியில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்துத் தகட்டைக் கழற்றி வந்தாள். அதை நான் அலமாரியில் மற்ற கேமராக்களோடு வைத்ததுதான் வினையாயிற்று. அடுத்த வாரம் என் கணவர் ஒரு காதுகுத்துக்கு அவசரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தாய்மாமன் முதல் ஆசாரி வரை அத்தனை பேரும் செங்கல் சூளையிலிருந்து எழுந்து வந்த மாதிரி சிவந்திருந்தார்கள். அந்தப் படங்களைச் சரிசெய்ய எனக்கு நான்கு நாள் ஆனது. "மேகத்தையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், அந்தச் சனியன அவகிட்டயே குடுத்துடு" என்றார் அவர். கேமரா அவளிடம் போனது. கூடவே நானும் போகத் தொடங்கினேன்.

போகக் காரணம் மேகம் இல்லை. வீட்டிலிருந்து வெளியே போக எனக்கு ஒரு சாக்கு வேண்டும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, வேலை கிடையாது, எனக்குக் கை அரிக்கும். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆத்தூருக்குப் போய்விடுவேன். மல்லிகைப் பாத்திகளுக்கு நடுவே அவள் முக்காலியை ஊன்றியிருப்பாள். அதன் மேல் நட்சத்திரத்தோடு கூடவே மெல்லத் திரும்பும் ஒரு சின்ன மோட்டார், அதன் மேல் கேமரா. அந்த மோட்டாரைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சரியாக நிறுத்த வேண்டும். நம் பக்கத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்தை விட்டு அதிகம் எழும்புவதில்லை. பனியும் ஊர்வெளிச்சமும் சேர்ந்து அதை மறைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் முதல் ஒரு மணி நேரம் அந்த ஒரு புள்ளியைத் தேடுவதிலேயே போகும்.

அவள் குறிவைத்தது ரோஜா நெபுலா. திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவு தள்ளி இருக்கிறது. வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை. கேமரா நான்கு நிமிடம் திறந்திருந்து மூடியதும், பின்திரையில் சிவப்பாக ஒரு வளையம் தெரியும். நடுவில் ஓட்டை. ஓட்டைக்குள் சில வெளிர்நீல நட்சத்திரங்கள்.

"அந்த ஓட்டைய யாரு போட்டது தெரியுமா?" என்று கேட்டாள் முதல் நாள். "அந்த நட்சத்திரங்கதான். அந்த மேகத்துலதான் பொறந்துச்சுக. பொறந்ததும் வெளிச்சத்தையும் காத்தையும் வீசி சுத்தி இருந்தத எல்லாம் தள்ளிடுச்சுக. இப்பவும் தள்ளிக்கிட்டேதான் இருக்கு. அந்த வெளிச்சத்தாலதான் மேகம் நமக்குத் தெரியுது, அதே வெளிச்சத்தாலதான் மேகம் அழியுது."

"பெத்த எடத்தையே காலி பண்ணுதுகளா?"

"பண்ணுதுக."

அவள் பேசுவாள், நான் பாதி கேட்பேன். ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றுவேன், லென்சில் படியும் பனியை ஒற்றி எடுப்பேன், கேபிளைச் சுருட்டுவேன், மறுபடி பிரிப்பேன். மூன்றரை மணி வாக்கில் பக்கத்து நிலங்களில் பூப்பறிக்கும் பெண்கள் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு வருவார்கள். அந்த வெளிச்சம் வந்ததும் நாங்கள் மூட்டை கட்டுவோம். விடிந்த பிறகு அவள் லென்சின் முன்னால் வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி, வெறும் வெள்ளையாக இருபது படம் எடுப்பாள். கேமராவுக்குள் தூசு எங்கே இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடுமாம், பிறகு கழித்துக்கொள்ளலாமாம். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். தூசைக் கண்டுபிடிக்க எனக்கு வேட்டி வேண்டுமா என்ன!

போன மார்கழியிலும் தையிலுமாக ஐந்து இரவுகளின் படங்கள் சேர்ந்தன. அவளுடைய லேப்டாப்பில் இடமில்லை, அதனால் எல்லாம் என் ஹார்டு டிஸ்கில் இருந்தன. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அடுக்க அடுக்கச் சிவப்பு ஆழமாகி, இதழ் இதழாகப் பிரிந்து வந்தது. அப்போதுதான் முதல் முறையாக எனக்கு அதன்மேல் ஆசை வந்தது. இது என் கையால் வர வேண்டிய படம் என்று தோன்றியது. இரண்டு நாள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தபோது, ஓட்டையின் ஒரு ஓரத்தில், ஒளிரும் இதழின் மேல் சின்னச் சின்னதாகக் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தன. தகட்டைக் கழற்றியபோது தூசு விழுந்திருக்க வேண்டும். மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வேட்டித் துணிப் படங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முடித்ததும் செல்போனுக்கு ஏற்ற அளவில் ஒரு பிரதி அனுப்பினேன். "ஐயோ, அழகு! பேப்பர் திருத்துற வேலை கெடக்கு, முடிஞ்சதும் வந்து பெருசாப் பாக்கிறேன்" என்று பதில் வந்தது. பார்ட்டிக்குத் திருப்தி. அன்று சாயங்காலமே மூலப் படங்களைத் தூக்கிவிட்டேன். மறுநாள் அந்த இடத்தில் ஒரு கல்யாணம் வந்து உட்கார்ந்தது.

பங்குனியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வடக்கே, மலைமேல் இருக்கும் ஒரு வானாய்வகத்தில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. சித்திரை கடைசியில் போக வேண்டும். சொந்தமாகச் செய்த ஒரு வேலையைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும். அவள் ரோஜா நெபுலாவைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னாள். முப்பத்தெட்டு வயதில் கிடைத்த வாய்ப்பு, இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

"சூப்பர்டி" என்றேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், அத்தனை பேர் முகத்தையும் துடைத்திருக்கிறேன். போன் அடிக்காமல் எந்த நேரத்திலும் போய் நிற்கக்கூடிய வீடு அவளுடையது மட்டும்தான். அதைச் சொல்லாமல், திரையில் காட்டும் பக்கங்களை நானே அழகாகச் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் எழுதி அனுப்பினாள். ஐந்தாவது பக்கத்தில் வெறும் கட்டம் போட்டு, உள்ளே ஒரு குறிப்பு: 'இங்கே கரும்புள்ளிகளைப் பெரிதாக்கிப் போடவும். ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி.' கீழே அவள் பேசப் போவதன் சுருக்கம் இருந்தது. அந்தப் புள்ளிகள் வாயுவும் தூசும் இறுகிய உருண்டைகள். இளம் நட்சத்திரங்களின் ஒளி சுற்றியிருந்த மேகத்தையெல்லாம் அரித்துக்கொண்டு போக, இறுகியவை மட்டும் கரையாமல் நிற்கின்றன. சிலவற்றுக்குள் புதிய நட்சத்திரம் பிறக்கலாம். சில அதற்கு முன்பே கரைந்துவிடும். பேச்சின் தலைப்பே அதுதான்.

படத்தைத் திறந்தேன். அந்த இடம் மணப்பெண் கன்னம் போல வழுவழுவென்று இருந்தது.

மூலப் படங்களைத் தேடினேன். மீட்டெடுக்கும் மென்பொருள் ஒன்றை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் அது எனக்கு ஒரு தாலி கட்டும் படத்தின் பாதியையும் பந்தியில் சிரிக்கும் ஒரு கிழவரையும் மீட்டுத் தந்தது. உடனே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன். 'என்னடி காரியம் பண்ணி வச்சிருக்க' என்று அவள் என்னைப் பார்க்கப் போகும் பார்வையை நினைத்துத்தான் வைத்தேன்.

அதன் பிறகு செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. இணையத்தில் யாரோ எடுத்த ரோஜா நெபுலாப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் படத்தில் அந்தப் புள்ளிகளை மறுபடி வரைந்தேன். பதினொரு புள்ளிகள். ஓரம் மங்கலாக, நட்சத்திரங்களைப் பார்த்த பக்கம் லேசான வெளிச்சக் கோடு. அழிக்கத் தெரிந்த கைக்கு வரையவும் தெரியும். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நல்ல கரெக்‌ஷன்.

அவள் அன்று மாலை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரிய திரையில் ஐந்தாவது பக்கத்தைத் திறந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"இம்புட்டுத் தெளிவாவா வந்திருக்கு!"

திரைக்கு மூக்கு இடிக்கும்படி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழாவது புள்ளியில் நின்றாள்.

"ஏய், இங்க பாரு. இதுக்கு வால் இருக்கு."

பார்த்தேன். இருந்தது. என் பிரஷ் அங்கே கொஞ்சம் வழுக்கியிருக்கிறது.

"வால் இருந்தா நட்சத்திரத்துக்கு எதிர்ப்பக்கமாத்தான இருக்கணும்? வெளிச்சம் அந்தப் பக்கம்தான தள்ளும்? இது நட்சத்திரக் கூட்டத்தப் பாத்து நீளுது. தலைகீழா இருக்கு." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "உள்ள ஒரு குழந்த நட்சத்திரம் உக்காந்துக்கிட்டு வெளிய ஊதினாதான் இப்படி வரும். வேற யார் படத்துலயும் நான் இதப் பாத்ததில்ல. நான் இதப் பத்தித்தான்டி பேசப் போறேன். அரைமணி நேரமும் இதத்தான்."

என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. நான் சிரித்தேன். அதுதான் என் வாழ்க்கையிலேயே நான் சிரித்த மிக மோசமான சிரிப்பு.

மூன்று நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மணப்பெண்ணின் மூக்குத்தியையே துடைத்துவிட்டேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார், பதிலுக்கு நானும் கத்தினேன். அவள் அந்த வாலை அறிஞர்கள் முன்னால் காட்டுவாள். யாராவது ஒருவர் மூலப் படத்தைக் கேட்பார். போலி செய்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு ரயிலேறுவாள். இன்னொன்றும் மனசுக்குள் ஓடியது, அதையும் மறைக்க மாட்டேன். அப்படி ஆனால் அவள் இங்கேயே இருப்பாள். அந்த எண்ணம் வந்தபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு அப்படியே ஸ்கூட்டரை எடுத்தேன்.

அவளுடைய கல்லூரியில் அது சாப்பாட்டு நேரம். வண்டிகள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் என் எதிரே நின்றாள். கையில் டிபன் பாக்ஸ். மேலே தகரம் கொதித்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தூசு என்று துடைத்தது, மூலத்தை அழித்தது, வரைந்தது.

அவள் கத்தவில்லை. "எத்தனை அழிச்ச?" என்று கேட்டாள்.

"எண்ணலடி."

"எத்தனை வரைஞ்ச?"

"பதினொண்ணு."

"வால்?"

"கை வழுக்கிடுச்சு."

அவள் ஒரு வண்டியின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த மூன்று நாளும் அவள் தூங்காமல் எழுதியிருப்பாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரெண்டு வருஷமா, ஒவ்வொரு ராத்திரியும், அந்தப் புள்ளியப் பத்தித்தான உங்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். கரையுமா, நிக்குமான்னு. என்னையப் பத்திப் பேசற மாதிரிதான் பேசினேன். நீ ஒரு நாளும் கேக்கவே இல்லையா?"

கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அவள் பேசும்போது கூட இருப்பது எனக்குப் பிடித்திருந்தது, என்ன பேசினாள் என்று கவனித்ததில்லை. நான் அழித்ததைவிட, வரைந்ததைவிட, அதுதான் அவளை அடித்தது. மணி அடித்ததும் அவள் சாப்பிடாமலே வகுப்புக்குப் போனாள்.

இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. நான் என்ன செய்ய முடியும் என்று யோசித்து, வானத்தைப் பார்த்தேன். எனக்கே அது புதிது. இருட்டியதும் திருவாதிரை மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. ரோஜா நெபுலா அதற்குக் கொஞ்சம் மேலே. தினமும் இன்னும் கீழே போகும், இரண்டு மூன்று வாரத்தில் அந்தி வெளிச்சத்துக்குள் விழுந்துவிடும். அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது. அவள் ரயிலுக்கு எட்டு நாள். செய்தி அனுப்பினேன்: 'இருட்டினதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் தெரியுது. மறுபடி எடுப்போம்.'

பதில் வந்தது: 'நான் எடுத்துக்கிறேன். நீ வர வேண்டாம்.'

போனேன். வராதே என்றால் வராமல் இருக்கிற ஆள் நான் இல்லை. முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் டார்ச் பிடித்து நிற்காமல் துருவ நட்சத்திரத்துக்குக் குறிவைப்பது கஷ்டம், அது அவளுக்கும் தெரியும். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. முதல் நாள் மேற்கே மலைக்கு மேல் மேகம் ஏறி உட்கார்ந்துகொண்டது, ஒரு படமும் இல்லை. இரண்டாம் நாள் வெக்கையில் வடக்கே அடிவானம் முழுக்கப் புழுதிப் படலம். துருவ நட்சத்திரம் வருவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. மூன்றாம் நாள் நாற்பது நிமிடம் நன்றாக இருந்தது, பிறகு ஆத்தூர்ப் பக்கம் இடி இறங்கியது. கோடை மழைக்காக ஊரே காத்திருந்தது. நான் மட்டும் வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அப்போது மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நனைந்துகொண்டே கேமராவைத் தாவணித் துணியில் சுற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் ஓடினோம்.

மெமரி கார்டை என் கையில் தரவில்லை. தன் லேப்டாப்பில் இருந்த எதையெதையோ அழித்து இடம் செய்து, தானே ஏற்றினாள். வேட்டித் துணிப் படங்களையும் தானே கழித்தாள். வந்த படம் ஐந்து இரவுப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க லாயக்கில்லை. மணல் அள்ளிக் கொட்டியது போலப் பொரிப்பொரியாக இருந்தது, சிவப்பு வெளிறியிருந்தது. ஆனால் அந்த ஓரத்தில் நான்கு கரும்புள்ளிகள் இருந்தன. தூசைக் கழித்த பிறகும் இருந்தன. நான்குதான். எதற்கும் வால் இல்லை.

என் கை தானாக மௌஸ் பக்கம் போனது. அந்தப் பொரியையாவது கொஞ்சம் மட்டுப்படுத்தலாம்.

"தொடாத" என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன். அவள் அந்தப் படத்தை அப்படியே ஐந்தாவது பக்கத்தில் வைத்தாள். நான் செய்த அழகான பக்கங்களையெல்லாம் நீக்கிவிட்டு, கருப்பு எழுத்தில் வெறுமனே எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாக, அவள் பேசப் போவதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டேன். நடுவில் மூன்று கேள்வி கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு அவள் நிமிர்ந்து பார்த்து, "இத அவங்க கேப்பாங்க" என்று குறித்துக்கொண்டாள்.

நேர்முகத் தேர்வு முடிந்த அன்று மாலை அவளே போன் செய்தாள். ஏன் படம் இவ்வளவு மோசமாக இருக்கிறது, எத்தனை நேரம் எடுத்தது என்று கேட்டார்களாம். நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள், கல்யாண ஆல்பம் துடைக்கிற தோழி தூசு என்று நினைத்து அழித்துவிட்டாள் என்று. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகு அந்த நான்கு புள்ளிகளைப் பற்றியே முக்கால் மணி நேரம் கேட்டார்களாம். "அதுல ஒருத்தர் உன்னையப் பாக்கணும்னார்" என்றாள். எனக்குக் காது சூடானது. ஆனாலும் அவள் என்னை இன்னும் தோழி என்றே சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

வைகாசியில் வேலைக்கான உத்தரவு வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். நான் ஒரு ரிசப்ஷன் ஆல்பத்தில் இருந்தேன். காகிதத்தை விசைப்பலகையின் மேல் வைத்தாள். படித்தேன். ஆனி முதல் வாரத்தில் சேர வேண்டும். 'சந்தோஷம்டி' என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முகத்தைக்கூட அதற்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டுவிட்டேன்.

பிறகு அதை விழுங்கினேன்.

"எனக்குச் சந்தோஷமா இல்ல" என்றேன். "வயிறு எரியுது. நீ போறது எனக்குப் பிடிக்கல. லெட்டர் வந்த அன்னைக்கே பிடிக்கல. நீ அங்க மாட்டிக்கிட்டு அவமானப்பட்டுத் திரும்பி வந்துடுவன்னுகூட ஒரு நிமிஷம் நெனச்சேன். அதனாலதான் அன்னைக்கு ஓடி வந்து சொன்னேன். போகாதடி."

அவள் போய் அறைக்கதவைச் சாத்தினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து எதிரில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"காலேஜ்ல எல்லாரும் சந்தோஷம் சந்தோஷம்னு கை குலுக்கறாங்க" என்றாள் விசும்பிக்கொண்டே. "எங்கம்மாகூட நான் பாத்துக்கிறேன், நீ கெளம்புன்னு சொல்லிடுச்சு. போகாதன்னு ஒரு ஆளு சொல்லலடி. இங்கருந்து நான் போனா யாருக்கும் ஒண்ணும் இல்லபோலன்னு நெனச்சுக்கிட்டேதான் படியேறி வந்தேன்."

கீழேயிருந்து என் கணவர், ஆல்பம் முடிந்ததா என்று குரல் கொடுத்தார். முடியவில்லை என்று கத்தினேன்.

ஆனியில் அவள் போனாள். திண்டுக்கல் ரயில் நிலையத்துக்கு அவளுடைய அம்மாவும் நானும் போயிருந்தோம். அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்று இன்னொரு முறையும் சொன்னேன். போகத்தான் போகிறாள், போகத்தான் வேண்டும், அது எனக்கும் தெரியும்.

அவள் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சொன்னேன். வண்டி நகரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.